சென்னை ஏர்போர்ட் டு பாண்டி: செல்ஃப் டிரைவ் கார் எடுத்துப் போவது காசுக்குத் தகுமா?

பாண்டிக்குப் போய்ச் சேருவது மட்டும்தான் நோக்கம் என்றால் சென்னை ஏர்போர்ட்டில் செல்ஃப் டிரைவ் கார் எடுக்க வேண்டாம். ஒரு டிராப் டாக்ஸி (ஒருவழிக்கு மட்டும் காசு வாங்கும் டாக்ஸி) போட்டுப் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே போய்விடலாம், செலவும் குறைவு. வழியில் நாலு இடத்தில் இறங்கணும், தோன்றுகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டணும், கடலைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா நிற்கணும், "சார், லேட் ஆகுது" என்று யாரும் பின்னால் நின்று சொல்லக்கூடாது என்றால் மட்டும் எடுங்கள். நான் எடுத்தது அதற்காகத்தான். கார் கொடுத்த கம்பெனிக்கு அஞ்சுக்கு மூன்று மார்க், சாலைக்கு மூன்றரை, பாண்டிக்குள் அந்தக் காரை வைத்துக்கொண்டு பட்ட பாட்டுக்கு ஒன்று. ஏன் என்று சொல்கிறேன்.

புனேவிலிருந்து காலை விமானம். நான், மனைவி, அம்மா, எட்டாவது படிக்கும் பையன். கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை, ஏனென்றால் இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள், ஒருவரைத் திட்டி இன்னொருவரிடம் உங்களை அனுப்பி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆப்பில் புக் செய்தேன், லைசென்ஸும் ஆதாரும் ஏற்றினேன், ஒரு டெபாசிட் தொகை பிடித்துக்கொண்டார்கள். "ஏர்போர்ட் டெலிவரி" என்று தனியாக ஒரு கட்டணம். இந்த ஏர்போர்ட் டெலிவரி என்றால் நாம் வெளியே வந்ததும் வாசலில் கார் நிற்கும் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சென்னையில் ஆப் டாக்ஸிகளும் மல்டிலெவல் பார்க்கிங் கட்டிடத்தில்தான் ஏற்றுகின்றன, வருகைப் பகுதியிலிருந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே நடக்கணும், இல்லையென்றால் பேட்டரி வண்டி வரும் வரை நிற்கணும். வயதானவர்கள் கூட இருந்தால் பேட்டரி வண்டிக்கே காத்திருங்கள், நடக்க வைக்காதீர்கள்.

வண்டியைக் கொண்டு வந்த தம்பி நல்ல பையன். ஆனால் அவனுக்கு எப்படியாவது அடுத்த டெலிவரிக்கு ஓடணும். "சார், பார்க்கிங் டிக்கெட் ஓடிட்டிருக்கு, சீக்கிரம் ஒரு சைன் போட்டுடுங்க" என்றான். அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். காரைச் சுற்றி வந்து நிதானமாக வீடியோ எடுங்கள், நாலு டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, கண்ணாடி, பம்பரின் கீழ்ப்பக்கம், டேஷ்போர்டில் பெட்ரோல் முள், கிலோமீட்டர், எல்லாம். பெரும்பாலான கார் பார்க்கிங்குகள் இருட்டாக இருக்கும், செல்போன் டார்ச்சைப் போட்டு எடுங்கள். எங்களுக்கு வந்த காரில் பின்பக்க இடது கதவில் ஒரு கோடு, முன் பம்பரில் பழைய சிராய்ப்பு, பெட்ரோல் கால் டேங்குக்கும் கீழே. அந்த வீடியோ கடைசியில் எங்கள் பணத்தைக் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முறைப்படி வாடகைக்கு விடும் செல்ஃப் டிரைவ் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். இப்போது பலரும் தங்கள் சொந்தக் காரை, வெள்ளைப் பலகையோடு, ஆப்பிலும் வாட்ஸ்அப்பிலும் வாடகைக்கு விடுகிறார்கள். விலை குறைவு, வண்டியும் புதுசாக இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியில்லை, விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் அதையே காரணம் காட்டிக் கையை விரிக்கலாம். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாதிரி விபத்துக்குப் பெயர் போன சாலையில் போகும்போது இந்த ரிஸ்க் எடுக்கணுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் கார் கறுப்புப் பலகைதான்.

கறுப்புப் பலகைக்கு ஒரு விலையும் உண்டு: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. வாடகை வண்டி என்பதால் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாது. 80 போதுமே, குடும்பத்தோடு போகிறோம், அதற்கு மேல் எதற்கு என்று நினைப்பீர்கள். நானும் அதற்கு மேல் ஓட்டுகிற ஆள் இல்லை. பிரச்சினை ஓவர்டேக் செய்யும்போதுதான். முன்னால் போகும் லாரி 65இல் போகிறது, எதிரே கொஞ்ச தூரம் காலியாக இருக்கிறது, நீங்கள் வலப்பக்கம் எடுத்து அழுத்துகிறீர்கள், சரியாக லாரியின் பாதி நீளத்தைத் தாண்டும்போது வண்டி இழுக்க மறுக்கும், ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. நாலு வழிச் சாலையில் இது தொந்தரவே இல்லை. மாமல்லபுரத்துக்கு அப்பால் இன்னும் இரண்டு வழியாகவே இருக்கும் துண்டுகளில் இது நிஜமான ஆபத்து. கார் கையில் வந்ததும் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், 60க்கு மேல் போகும் எதையும் அங்கே முந்தப் பார்க்காதீர்கள்.

சரி, கிளம்பலாம். ஏர்போர்ட்டிலிருந்து பாண்டி சுமார் 140 கிலோமீட்டர், நிற்காமல் போனால் மூன்று மணி நேரம். இதில் கஷ்டமான பகுதி கடைசியில் இல்லை, முதலில் இருக்கிறது. ஏர்போர்ட் இருக்கும் மீனம்பாக்கம் ஜிஎஸ்டி சாலையில் (தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் போகும் நெடுஞ்சாலை) இருக்கிறது, ஈசிஆர் கடலோரம் இருக்கிறது, நடுவில் தென்சென்னை முழுக்கக் குறுக்கே படுத்திருக்கிறது. இதைத் தாண்டும் வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மேப் பெரும்பாலும் காட்டுவது பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலை. ஜிஎஸ்டியில் பல்லாவரம் வரை வந்து இடது பக்கம் பிரிந்து, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், பள்ளிக்கரணை வழியாக ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) துரைப்பாக்கத்தைத் தொட்டு, அங்கிருந்து தெற்கே சோழிங்கநல்லூர், சிக்னலில் கடல் பக்கம் திரும்பினால் அக்கரையில் ஈசிஆர். தூரம் குறைவு. சாலை அகலம். ஆனால் வேலை நாள் காலையில் இந்தப் பக்கம் வந்தால் ஐடி கம்பெனிக்குப் போகும் கூட்டம் மொத்தமும் உங்களோடு வரும், ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்கு வேறு நடுவில் தடுப்பு போட்டு வைத்திருக்கிறார்கள், சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும் நேரத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் இதே சாலை அவ்வளவு சுகம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும்போது ஜன்னலை இறக்கலாமா என்று கேட்டால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது, ஏனென்றால் பெருங்குடி குப்பைக் கிடங்கும் அங்கேதான். கூழைக்கடாவும் நாமக்கோழியும் மேயும் நீர்ப்பரப்பு, பக்கத்திலேயே மாநகரத்தின் குப்பை மேடு. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்த இடம் இது என்று பையனிடம் சொன்னேன், அவன் மூக்கைப் பொத்திக்கொண்டே தலையாட்டினான்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. ஜிஎஸ்டியிலேயே தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் வந்து, உயிரியல் பூங்கா பக்கத்தில் கிழக்கே திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கே ஓஎம்ஆரைக் குறுக்கே வெட்டி நேரே கோவளம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சுமார் 18 கிலோமீட்டர். நகர நெரிசலில் பாதியைத் தவிர்த்துவிடலாம், உத்தண்டி டோலும் வராது, கேளம்பாக்கம் தாண்டியதும் உப்பங்கழி இரண்டு பக்கமும் விரிந்து திடீரென்று ஊர் முடிந்துபோன உணர்வு வரும். குறை என்னவென்றால் கல்லூரி பஸ்கள் புறப்படும் நேரத்தில் மாட்டினால் அவ்வளவுதான், அப்புறம் முட்டுக்காடு படகுத் துறையும் தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் விடுபட்டுப்போகும், அவை கோவளத்துக்கு வடக்கே இருக்கின்றன. தட்சிணசித்ரா பார்க்கணும் என்று மனைவி சொல்லியிருந்ததால் ரேடியல் சாலையையே பிடித்தோம். வெள்ளிக்கிழமை மாலை தரையிறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த வழியும் உதவாது, அன்றைக்குச் சென்னையே ஊருக்குப் போகிறது, ஏர்போர்ட் பக்கமே ஒரு ரூம் போட்டுத் தூங்கிவிட்டு விடியற்காலை கிளம்புங்கள்.

அக்கரையில் ஈசிஆரைத் தொட்டதும் கடல் தெரியும் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். பனையூர், உத்தண்டி, கானாத்தூர் முழுக்க மதில் சுவர்தான், பண்ணை வீடு, ரிசார்ட், கல்யாண மண்டபம், அதற்குப் பின்னால் எங்கோ கடல். அம்மா, "கடலோரச் சாலைன்னு சொன்னியே, கடல் எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும்தான் தண்ணீர் கண்ணில் படுகிறது, ஒரு பக்கம் கழி, மறுபக்கம் கழிமுகமும் கடலும். படகுத் துறை அங்கேதான். வார இறுதியில் பாலத்துக்கு முன்னும் பின்னும் கார்கள் ஓரங்கட்டி நிற்கும், செல்ஃபி எடுப்பவர்கள் சாலையைப் பார்க்க மாட்டார்கள், நீங்கள்தான் பார்க்கணும்.

தட்சிணசித்ராவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். செட்டிநாட்டு வீடு, கேரள மரவீடு, அக்ரஹார வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து அப்படியே மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள், 1996இலிருந்து இருக்கிறது. அம்மா செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. டாக்ஸியாக இருந்திருந்தால் காத்திருப்புக் கட்டணம் ஓடியிருக்கும். செல்ஃப் டிரைவுக்கு நான் கொடுக்கும் மார்க்கெல்லாம் இந்த மாதிரி இடங்களில் சேர்ந்ததுதான்.

கோவளத்தில் மீன் சாப்பிடாமல் போகக்கூடாது என்பது என் கட்சி. பெரிய ஹோட்டலைச் சொல்லவில்லை, ஊருக்குள் கடற்கரை பக்கம் போனால் கிடைக்கும் வறுவல். விலையை முதலில் கேட்டுவிட்டு, மீனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கல்லில் போடச் சொல்லுங்கள். கோவளம் தாண்டித் திருவிடந்தை, கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு சுற்றும் நித்யகல்யாணப் பெருமாள் கோயில், சாலையை ஒட்டியே இருக்கிறது. அடுத்து வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, ராமுலஸ் விட்டேகர் 1976இல் ஆரம்பித்தது. பையன் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்க வழியே இல்லை. மத்தியான வெயிலில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும், "இது பொம்மையா?" என்று நாலு பேராவது கேட்பார்கள்.

மாமல்லபுரம் வரைக்கும் சாலை நாலு வழி, நடுவில் தடுப்பு, ஓட்டச் சுலபம். ஆனாலும் தடுப்பு உடைந்த இடங்களில் பைக்குகள் எதிர்த் திசையில் வரும், மாடுகள் வரும், கடற்கரையிலிருந்து ஈரத்தோடு வரும் கல்லூரிப் பையன்கள் ஒரு பைக்கில் மூன்று பேராக வருவார்கள். வேகக் கேமராக்கள் இருக்கின்றன. வாடகை காரில் அபராதம் வந்தால் அது கம்பெனிக்குப் போய், அவர்கள் அதோடு ஒரு சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து உங்கள் டெபாசிட்டில் கழிப்பார்கள். ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கிறது, படியுங்கள்.

மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அன்றைக்கு ஒரே டிக்கெட் போதும், அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் காரை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம், ஒவ்வொரு சின்னத்துக்கும் காரை எடுத்துப் போனால் ஒவ்வொரு இடத்திலும் பார்க்கிங் சீட்டோடு ஒருவர் வந்து நிற்பார். கூட்டம் பிடிக்காதவர்கள் ஊருக்குச் சற்று முன்னாலேயே சாளுவன்குப்பத்தில் இறங்குங்கள், புலிக்குகை அங்கே இருக்கிறது, பக்கத்திலேயே சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம். சவுக்குத் தோப்பு நிழல், கடல் சத்தம், ஆள் குறைவு. எனக்குக் கேட்டால் கடற்கரைக் கோயிலைவிட இங்கே அரை மணி நேரம் அதிகம் உட்காருவேன்.

மாமல்லபுரத்துக்கு அப்புறம் வேறு சாலை. இரண்டையும் ஒரே ஈசிஆர் என்று நினைத்துக்கொண்டு அதே வேகத்தில் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள் நாலு வழியாக்கும் வேலையைத் துண்டு துண்டாகச் செய்கிறார்கள், அதனால் கொஞ்ச தூரம் புது கான்கிரீட், கொஞ்ச தூரம் மாற்றுப்பாதை, திடீரென்று பழைய இரண்டு வழி. இருட்டினால் எங்கே மாற்றுப்பாதை வளைகிறது என்பது கிட்டே போகும்வரை தெரியாது. பாண்டி பஸ்காரர்கள் இந்தச் சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் அளவுக்கு அறிந்தவர்கள், பின்னால் ஹாரன் அடித்தால் பேசாமல் இடம் விட்டுவிடுங்கள். என் கணக்கு ரொம்ப எளிது: மாமல்லபுரத்திலிருந்து பாண்டி வரை பகலில் மட்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் மாமல்லபுரத்தில் இருந்தால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடலாம்.

பகலில் போனால் இந்தப் பாதிதான் அழகு. கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வரும், மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆறு என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு மணல். அதற்கு முன்னால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை, உள்ளே அவர்கள் கல்லறைகள், நுணுக்கமாகச் செதுக்கிய கற்கள். கூவத்தூர் தாண்டியதும் பனைமரமும் தென்னையும் கூடிக்கொண்டே போகும், சீசனில் நுங்கும், மற்ற நாளில் இளநீரும் கிடைக்கும். ஒரு அக்காவிடம் நுங்கு வாங்கினோம், "தம்பி, ஃபிரிட்ஜ்ல வெச்சு நாளைக்குச் சாப்பிடலாம்னு நினைக்காதீங்க, இப்பவே சாப்பிடுங்க" என்று நின்று சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், பலகை சின்னது. முகலாயர் ஆட்சிக் காலத்தில் கட்டியது, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, பத்து வருடத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தள்ளினார்கள், மிச்சம் இருப்பது உடைந்த செங்கல் சுவர்களும் அவற்றுக்கு அந்தப் பக்கம் கழியும் மணல் திட்டும் கடலும். கடையோ கழிப்பறையோ எதிர்பார்க்க வேண்டாம், தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள். மீனவர்கள் படகில் கழியைத் தாண்டி மணல் திட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள், பேரம் பேசிக்கொள்ளலாம், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மனதில் நின்ற இடம் எது என்றால் பாண்டி இல்லை, இதுதான். டிராப் டாக்ஸியில் வந்திருந்தால் டிரைவர் இங்கே திரும்பியே இருக்க மாட்டார்.

மரக்காணத்தில் உப்பளங்கள். கோடையில் பாத்தி பாத்தியாக வெள்ளை, வரப்பில் உப்பு அம்பாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் வெறும் தண்ணீர்தான் நிற்கும், அப்போது உப்பு பார்க்க முடியாது. அதற்குப் பதில் பக்கத்தில் கழுவெளி ஏரியில் பறவைகள் வந்து இறங்க ஆரம்பித்திருக்கும்.

அப்புறம் எல்லை விஷயம். கனகசெட்டிக்குளம் வந்ததும் சாலையோரத்தில் மதுக்கடைகள் வரிசை கட்ட ஆரம்பிக்கும், புதுச்சேரி வந்துவிட்டது என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். காலாப்பட்டு, பல்கலைக்கழகம் எல்லாம் புதுச்சேரிப் பகுதி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு, ஆரோவில் போகும் திருப்பம், கோட்டக்குப்பம், அப்புறம் மறுபடி புதுச்சேரி. கறுப்புப் பலகை காருக்கு எல்லையில் கேள்வி வரலாம், கம்பெனியிடம் புதுச்சேரி பெர்மிட் இருக்கிறதா என்று புக் செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் நின்று போன் செய்தால் கஸ்டமர் கேர் இசை மட்டும்தான் கேட்கும். பெட்ரோல் புதுச்சேரியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அதனால் சென்னையில் டேங்கை நிரப்பாதீர்கள், காலாப்பட்டு வரை போகத் தேவையானதை மட்டும் போடுங்கள். திரும்பும்போது பாட்டில் வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள், தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்குச் சோதனைச் சாவடி உண்டு, அதுவும் வாடகை கார் என்றால் வண்டியும் சேர்ந்து மாட்டும்.

பாண்டிக்குள் நுழைந்ததிலிருந்து கார் ஒரு சுமை. முத்தியால்பேட்டையில் சாலை குறுகல், ஞாயிறு என்றால் காந்தி வீதியில் ஞாயிறு சந்தை வேறு. ஒயிட் டவுனில் ஒருவழித் தெருக்கள், நிறுத்த இடம் தேடி ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வரணும், கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் மறுநாள் காலை வரை வண்டியே விட மாட்டார்கள். அது நல்ல ஏற்பாடு, நடக்க அவ்வளவு நிம்மதி, எனக்குப் புகார் இல்லை. ஆனால் நீங்கள் வாடகை கொடுத்து எடுத்த கார் அந்த நேரம் முழுக்க ஏதோ ஒரு சந்தில் சும்மா நிற்கிறது, நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் தங்கிய விடுதியில் பார்க்கிங் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள், போய்ப் பார்த்தால் வாசலில் ஒரு காருக்கு இடம், அதில் உரிமையாளரின் கார். கடைசியில் ஊருக்குள் சுற்ற ஆட்டோவும் நடையும், பையனும் நானும் ஆரோவில் போக வாடகை ஸ்கூட்டரும் என்று ஆனது. கார் நகரவே இல்லை.

திரும்பி வருவதற்கு ஈசிஆர் வேண்டாம், திண்டிவனம் வழி. விமானத்தைப் பிடிக்கணும் என்றால் இதுதான் நம்பிக்கையான வழி, ஏர்போர்ட்டும் ஜிஎஸ்டி சாலையிலேயே இருப்பதால் குறுக்கே எங்கேயும் வெட்ட வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து அச்சிறுபாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம் ஏரி, செங்கல்பட்டு, வண்டலூர், தாம்பரம் என்று ஒரே கோடு. டோல் கூடுதல், மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வரிசையாக வரும். பாஸ்டேக் கம்பெனியுடையது, கழிந்த தொகையைக் கடைசியில் நம்மிடம் வாங்கிக்கொள்வார்கள், அதனால் ஒவ்வொரு டோலையும் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சிறுபாக்கம் பக்கம் 99 கிலோமீட்டர் காபி கடையில் பித்தளை டவராவில் காபி குடித்தோம், கூட்டம் இருந்தாலும் காபி ஏமாற்றவில்லை. ஞாயிறு மாலையும் நீண்ட விடுமுறையின் கடைசி நாளும் மட்டும் இந்தச் சாலையை நம்பாதீர்கள், பரனூரிலிருந்தே வண்டிகள் நகராமல் நிற்கும், விமானத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது வேறு ஒரு பையன் வந்தான், சுற்றிப் பார்த்தான், "ஓகே சார்" என்றான். புனே வந்து சேர்ந்த பிறகு மெயில்: பின் கதவில் கோடு, டெபாசிட்டில் பாதியைப் பிடித்தம் செய்கிறோம். முதல் நாள் எடுத்த வீடியோவில் அந்தக் கோடு டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது, பக்கத்தில் அவர்களுடைய பையனின் கையும். அனுப்பி வைத்தேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன், நுகர்வோர் நீதிமன்றம் என்ற வார்த்தையைச் சேர்த்து. மன்னிப்பு எதுவும் இல்லாமல் முழுத் தொகையும் கணக்கில் வந்து விழுந்தது. வீடியோ இல்லாத எத்தனை பேர் போகட்டும் என்று விட்டிருப்பார்கள்! மூன்று மார்க் கொடுத்ததே வண்டி வழியில் மக்கர் பண்ணாததாலும் ஏசி கடைசிவரை நன்றாக இருந்ததாலும்தான்.

கணக்குப் பார்த்தால் வாடகை, ஏர்போர்ட் டெலிவரி, பெட்ரோல், டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து, போக ஒரு டிராப் டாக்ஸி வர ஒரு டிராப் டாக்ஸி எடுத்தால் ஆகும் தொகையைவிட நன்றாகவே கூட வந்தது. டாக்ஸி கேட்கும்போது டோல், பெர்மிட், டிரைவர் பேட்டா எல்லாம் உள்ளே சேர்ந்ததா என்று கேளுங்கள், பல கம்பெனிகளில் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு, பாண்டிக்கு அது பிரச்சினையில்லை, மாமல்லபுரம் மட்டும் போகிறவர்களுக்கு நஷ்டம். தனி ஆள், ஒரு பை மட்டும்தான் என்றால் இதெல்லாம் எதற்கு, ஏர்போர்ட் எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன், மின்சார ரயிலில் வண்டலூர் இறங்கிக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போனால் பாண்டி பஸ் நின்றுகொண்டிருக்கும்.

மறுபடி போனால் நான் செய்யப் போவது வேறு மாதிரி: போகும்போது மட்டும் செல்ஃப் டிரைவ், பாண்டியிலேயே காரைத் திருப்பிக் கொடுக்க விடும் கம்பெனியாகப் பார்த்து எடுப்பேன், திரும்பி வர டாக்ஸி. அப்படி ஒருவழிக்குக் கொடுப்பவர்கள் குறைவு, கூடுதல் காசும் கேட்பார்கள், ஆனாலும் சந்தில் நிற்கும் காருக்கு நாள் வாடகை கொடுப்பதைவிட அது தேவலை. புக் செய்வதற்கு முன் கிழமையைப் பார்த்துவிடுங்கள், முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.